வாயாடிக் குளிர்பெட்டி

படைமுகாமின் சமையற்கூடத்துக்கு, ஆள் உள்ளே நுழைகிற அளவுக்குப் பெரிய புதுக் குளிர்பெட்டி வந்த நாளிலிருந்து சமையல் மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அறுநூறு பேருக்கு ஆக்கிப் போடுகிற மனிதர் அவர். முட்டை எத்தனை, பால் எவ்வளவு என்று இனிக் குனிந்து நிமிர்ந்து எண்ண வேண்டாம். பெட்டியே வாய் திறந்து சொல்லிவிடும். மாஸ்டர் கட்டைப் பிரம்மச்சாரி என்பதால் உதவியாளர்கள் அதற்கு 'அண்ணி' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

அவருடைய தங்கைக்கும் அதே முகாமில்தான் வேலை. இன்டர்நெட்டில் சேருகிற எந்தக் கருவியானாலும் அவள் சோதித்து, நம்பலாம் என்று சொன்ன பிறகுதான் உள்ளே வரும். குளிர்பெட்டி மட்டும் அண்டா குண்டாக்களோடு ஒரே பட்டியலில் வந்ததால் அவள் கண்ணில் படாமல் தப்பிவிட்டது.

அந்த மாதம் பக்கத்து முகாமோடு நடந்த போர்ப் பயிற்சியில் இவர்கள் முதல் இரண்டு சுற்றிலும் மண்ணைக் கவ்வினார்கள். எவ்வளவு ரகசியமாகக் கிளம்பினாலும் எதிரணி முன்கூட்டியே வந்து வழியில் உட்கார்ந்திருந்தது. தங்கை எல்லோருடைய செல்போன், கைக்கடிகாரம், வயர்லெஸ் என்று ஒன்று விடாமல் அலசினாள். எதுவும் சிக்கவில்லை.

மறுநாள் மதியம் அவள் சோர்ந்துபோய் அண்ணனிடம் சாப்பிட வந்தாள். தட்டில் கை வைக்கும்போது குளிர்பெட்டி பேசியது. படை வெளியே போகும்போது கொண்டுபோகிற பயணச் சாப்பாட்டுப் பொட்டலம் கையிருப்பில் இல்லை, திங்கட்கிழமை அறுநூறும் எடுக்கப்பட்டுவிட்டன என்றது.

அவள் கை அப்படியே நின்றது. "அண்ணே, இது யார்கிட்ட சொல்லுது?"

"என்கிட்டதான். வேற யார்கிட்ட சொல்லும்?"

"உன்கிட்ட மட்டுமா?"

மூட்டைகளுக்கு நடுவே லேப்டாப்போடு உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்தாள். எடுப்பது வைப்பது எல்லாவற்றையும் பெட்டி தன்னைச் செய்த கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து பார்க்கிற பாஸ்வேர்டோ கையேட்டில் அச்சடித்திருந்த ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எதிரணிக்காரர்கள் இருந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டார்கள். பொட்டலம் காலியானால் மறுநாள் படை கிளம்புகிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

மாஸ்டரின் முகம் தொங்கிப்போயிற்று. பெட்டியை அன்றே தூக்கி எறியச் சொன்னார் தளபதி. மாஸ்டர் தலையைச் சொறிந்தார்.

"நான் செய்றதைத்தானே ஐயா அது சொல்லுது? நான் மாத்திச் செஞ்சா மாத்திச் சொல்லிட்டுப் போகுது."

தளபதி தங்கையைப் பார்த்தார். பயிற்சி முடிகிறவரை மட்டும் என்று அவள் தலையாட்டினாள்.

மூன்றாவது சுற்றில் படை செவ்வாய்க்கிழமை காலையிலேயே ரொட்டியும் உலர்ந்த பழமும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. பொட்டலங்களை யாரும் தொடவில்லை. படையில்லாத முகாமில் மாஸ்டர் வழக்கம்போல அறுநூறு முட்டைகளை எண்ணி எடுத்து வெளியே அடுக்கினார். உதவியாளர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். புதன்கிழமை மதியம் சேதி வந்தது. இவர்கள் படை எதிரணியின் முகாமைச் சுற்றி வளைத்தபோது அங்கே பாதிப் பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்களாம்.

தங்கை சொன்னபடியே அன்று மாலை பெட்டியின் இணைப்பைத் துண்டித்தாள். இனி அது எண்ணும், பேசும், வெளியே மூச்சு விடாது.

மறுநாள் பக்கத்து முகாமின் சமையல்காரர் போன் செய்து வாயாரப் பாராட்டினார். பிறகு கொஞ்சம் தயங்கி, தங்களிடமும் அதே பெட்டிதான் இருக்கிறது, அதன் வாயை எப்படி அடைப்பது என்றார்.

மாஸ்டருக்குக் குறும்பு தலைதூக்கியது. "அடுத்த பயிற்சி முடியட்டும், மெதுவா சொல்றேனே."

பக்கத்தில் நின்ற தங்கை போனுக்குக் கை நீட்டினாள். "தோத்துட்டுச் சிரிக்கிறதெல்லாம் பயிற்சியிலதான்ணே. நெஜமான எதிரி ஒருத்தன் பார்த்துட்டிருந்தா?"

மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். போனை அவளிடம் கொடுக்காமல் காதில் அழுத்திக்கொண்டார்.

"பெட்டிக்குப் பின்பக்கம் போப்பா. இடது ஓரத்துல நீல வயர் இருக்கும். பிடுங்கிட்டுச் சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்."