காலுக்கு இறங்கிய ஞாபகம்

மழைக்காலம் முடிந்த வாரத்தில் ஓய்வுபெற்ற நீதிபதியின் ஞாபகம் காலுக்கு இறங்கிவிட்டது. இதயம் தளர்ந்தவர்களுக்குக் காலில் நீர் இறங்குவது ஊரறிந்த சங்கதிதான். இவருக்கு நீரோடு சேர்ந்து பெயர்களும் முகங்களும் இறங்கின. கணுக்கால் பூசணிப்பிஞ்சாகப் பருத்தது. தலை, விடுமுறை நாள் நீதிமன்றம்போல் காலியாகக் கிடந்தது. இதய மருத்துவர் அது மூளை சமாச்சாரம் என்றார். மூளை மருத்துவர் இதயத்தைக் கைகாட்டினார். வயசானால் அப்படித்தான் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

கண்டுபிடித்தவர் மனைவி. தைலம் தேய்ப்பதற்காகக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தபோது, செத்துப்போன தங்கையின் பெயரிலிருந்து மளிகைக்கடைக்காரரின் பட்டப்பெயர் வரை கடகடவென்று தலைக்கு ஏறின. கூடவே நீரும் நெஞ்சுக்கு ஏறி மூச்சு முட்டியது. ஞாபகம் வேண்டுமா, மூச்சு வேண்டுமா. இரண்டும் சேர்ந்து கிடைக்காது. அதைவிடப் பெரிய சிக்கல் கௌரவம். தம் முன்னால் கால்மேல் கால் போட்டதற்காக ஒரு சாட்சியையே வெளியேற்றியவர் அவர். மனிதர் முகத்துக்கு நேரே காலைத் தூக்குவதாவது! வந்தவர்களை எல்லாம் "வாங்க, வாங்க" என்று பொதுவாகச் சமாளித்தார்.

மூத்த மகன் ஒரு ஞாபகமறதி நிபுணரை அழைத்து வந்தான். கட்டின மனைவியையே தெரியாவிட்டால் அப்பாவை முதியோர் இல்லத்தில் விடுவது, அம்மாவைத் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கூட்டிப்போவது என்று ஏற்பாடு. நிபுணர் மழலையிடம் கேட்பதுபோல் கேட்டார்: "ஐயா, இந்த அம்மா யாருன்னு தெரியுதா?"

நீதிபதி வெகுநேரம் பார்த்தார். நல்ல குடும்பத்துப் பெண்மணியாகத் தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் பிடிபடவில்லை.

"உங்க கௌரவத்தைக் கொண்டுபோய் உடைப்புல போடுங்க. காலைத் தூக்குங்க," என்றார் மனைவி.

தூக்கினார். இரண்டு பாதங்களும் நிபுணரின் மூக்குக்கு நேராக மேசைமேல் அமர்ந்தன. மூச்சு இரைக்க இரைக்கச் சொன்னார்: "என் பொண்டாட்டி. நான் குடுத்த நல்ல தீர்ப்பெல்லாம் இவ சொன்னது. மத்ததெல்லாம் நான் சொன்னது."

முதியோர் இல்லப் பேச்சு அன்றோடு அடங்கியது. இப்போது தெருவில் அவர் காலைத் தூக்கிக் காட்டுவதுதான் மரியாதை. உள்ளங்கால் தரிசனம் கிடைத்தவர்கள் பூரித்துப்போகிறார்கள். கிடைக்காதவர்கள் முகம் கறுத்துத் திரும்புகிறார்கள். மூச்சு கொஞ்சமே மிச்சம் என்பதால், யாருக்குத் தூக்குவது என்ற தீர்ப்பு வழக்கம்போல் மனைவியுடையது. பொழுது சாய்ந்தால் அந்தக் கால்கள் மனைவியின் மடிக்குத்தான்.

மூத்த மகன் வாரம் தவறாமல் வந்து எதிரே உட்காருகிறான். அம்மா வாய் திறப்பதில்லை. கால்கள் தரையில் இருக்க, நீதிபதி அவனையும் "வாங்க, வாங்க" என்கிறார்.