தொண்டை கட்டியவள்

பாட்டுக்குழுவில் அவளுக்குச் சுருதிப்பெட்டி என்று பெயர். அவசரத்துக்குப் பெட்டி. மாத்திரைத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. கண்ணாடிக் குடுவைக்குள் மாத்திரை எத்தனை நிமிஷத்தில் கரைகிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். ஆனால் பாட ஆரம்பித்துவிட்டால் அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே புரியாது. அவள் சுருதியைப் பிடித்துக் கொடுத்த பிறகுதான் மற்ற பெண்கள் பாடத் தொடங்குவார்கள்.

தொழிற்சங்கத்துக்கு அவள் போனதே பாட்டுக்காகத்தான். அக்காவும் அத்தானும் இருக்கிற இரண்டு அறை வீட்டில் குளியலறையைத் தவிர வேறெங்கும் வாய்விட்டுப் பாட முடியாது. சங்கத்துக் கூடத்தில் முடிந்தது. பாடிப் பாடித்தான் அந்த வரிகளில் இருந்த நியாயம் அவளுக்கு உறைத்தது. பிறகு கூட்டங்களுக்குப் போனாள். துண்டுப் பிரசுரம் கொடுத்தாள். வீட்டில்கூடச் சம்பளம், வேலை நேரம் என்று வாதாட ஆரம்பித்தாள்.

"நம்ம வீட்டுப் பூனை புலியாயிடுச்சு. இனிமே பால் வைக்கும்போது தள்ளி நின்னுதான் வைக்கணும்" என்பார் அத்தான்.

குழுவில் மேளம் அடிப்பவள் டமாரம். மேளத்தால் வந்த பெயரல்ல, வாயால் வந்தது. அதே தொழிற்சாலையில் மாத்திரை அட்டைகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கும் பகுதியில் வேலை பார்த்தாள். அங்கே யாரும் உட்காரக் கூடாது. ஒருநாள் முழங்கால் வலி தாங்காமல், குப்பைக்குப் போகவிருந்த நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் எழுந்திருக்கச் சொன்னார்.

"முதல்ல வலியை எழுந்திருக்கச் சொல்லுங்க சார், பின்னாலேயே நானும் வரேன்" என்றாள்.

அன்று மாலையே வேலை போயிற்று. அந்த டிரம்மையும் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

அதுதான் இப்போது மேளம். டமாரத்தை மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும், எல்லாருக்கும் நாற்காலி போட வேண்டும். அதுவரை வாரத்தில் இரண்டு நாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்கு முன்னால் நின்று பாடுவது என்று சங்கம் முடிவு செய்தது. வார்த்தைகளை டமாரம் கட்டினாள். மெட்டைப் பெட்டி போட்டாள்.

நிக்கிற காலுக்கு நாக்கிருந்தா
என்னென்ன பேசும் கேளுங்க

முதல் நாள் நல்ல கூட்டம். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள்கூட பெஞ்சைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். டமாரம் டிரம்மில் தாளத்தை ஆரம்பித்தாள். எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து மாடி ஜன்னல் திறந்தது. கையில் டீக்கோப்பையோடு மேலாளர் வந்து நின்றார்.

அந்த மாதம்தான் பெட்டியின் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. வழக்கமான சுருதியில் எடுத்தால் தன் குரல் தனியாக மேலே எழுந்து நேராக அந்த ஜன்னலுக்குப் போகும். தணித்து எடுத்தால் கூட்டத்தோடு கலந்துவிடும். யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. தணித்து எடுத்தாள்.

அவள் போட்ட மெட்டு, முதல் வரியிலேயே கீழே இறங்குகிற மெட்டு. அந்தச் சுருதியில் அவ்வளவு கீழே போக எந்தப் பெண்ணின் தொண்டைக்கும் வழியில்லை. நம்பி வந்தவர்கள் பாதி வரியில் ஆளுக்கொரு பக்கம் தடுமாறினார்கள். பாட்டு முனகலாகிப் போனது.

"என்னம்மா, யாராவது தவறிட்டாங்களா?" என்றது டீக்கடையிலிருந்து ஒரு குரல். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. மாடி ஜன்னல் மூடிக்கொண்டது.

டமாரம் டிரம்மை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவளிடம் வந்தாள். திட்டுவாள் என்று பெட்டி காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னடி, தொண்டை கட்டிக்கிச்சா?"

பெட்டி தலையாட்டினாள்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா, பைத்தியம்? இவளை யாரும் பேச வைக்காதீங்கப்பா!" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தாள் டமாரம்.

சொன்ன பொய் வெறும் தலையாட்டல்தான். அதைக் காப்பாற்றத்தான் பெரும்பாடு. பெட்டி கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டாள். காற்றுப்போன குரலில் பேசினாள். மறுநாள் டமாரம் ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் உப்பும் கலந்து கேட்டருகே கொண்டுவந்து கொடுத்தாள். வேலையில்லாதவள், அதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தாள்.

"கொப்புளிச்சுத் துப்பு. முழுங்கித் தொலைக்காதே. நீ எங்களுக்கு வேணும்."

வீட்டில் அக்கா அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில குளிக்கும்போது நல்லாத்தானே பாடினே? தொண்டை கட்டுறதுக்கும் ஷிஃப்ட் இருக்கா?"

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெட்டியின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார். வழக்கமாக விடுகிறவர் இல்லை.

இரண்டு நாள் கழித்து மேலாளர் சோதனைக்கூடத்துக்கு வந்தார். குடுவையில் ஒரு மாத்திரை ஓரம் உதிரத் தொடங்கியிருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அன்னைக்குக் கூட்டத்துல உங்களைப் பார்த்தேன்மா. சும்மா பேருக்குத்தான் வாயசைச்சீங்க போல. நல்ல காரியம். உங்களுக்கு எது நல்லதுன்னு உங்களுக்குத் தெரியுது."

"நன்றி சார்" என்றாள் பெட்டி.

அதைத் தெளிவான குரலில் சொல்லியிருந்தாள். அவர் போன பிறகுதான் அது உறைத்தது. அவருக்கு முன்னால் தொண்டை கட்டவில்லை, தோழிகளுக்கு முன்னால்தான் கட்டுகிறது. ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது உறுத்தியது. எழுந்து நின்றாள். நின்றால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று தோன்ற, மறுபடி உட்கார்ந்தாள். இதற்குள் மாத்திரை கரைந்து முடிந்திருந்தது. எந்த நிமிஷத்தில் என்று அவள் கவனிக்கவில்லை. புதிதாக ஒன்றைப் போட்டாள்.

அந்த வாரக் கடைசியில் மறுபடி கேட்டுக்கு முன்னால் கூடினார்கள். பெட்டி கடைசி வரிசையில் நின்றாள்.

"பெட்டி ரிப்பேர். இன்னைக்கு நான்தான் சுருதி. காதைப் பொத்திக்கிறவங்க இப்பவே பொத்திக்கலாம்" என்றாள் டமாரம்.

எடுத்தாள். அது சுருதியே இல்லை. மூன்றாவது சொல்லில் குரல் பிளந்து கீச்சென்றது. டீக்கடை பெஞ்சு கைதட்டிச் சிரித்தது. டமாரம் அந்தப் பக்கம் திரும்பி, "சிரிங்கண்ணே, உக்காந்துட்டு இருக்கீங்கள்ல, நல்லாத்தான் சிரிப்பு வரும்" என்றாள். மறுபடி எடுத்தாள். மறுபடி பிளந்தது. மூன்றாம் முறையும் எடுப்பாள் என்று பெட்டிக்குத் தெரிந்தது. கூசாமல் எடுப்பாள். நல்ல குரலை வைத்துக்கொண்டு கூசுகிறவள் பின்வரிசையில் துணி சுற்றிக்கொண்டு நிற்கிறாள்.

இப்போது பாடினால் பொய் உடைந்துவிடும். தொண்டை கட்டியவளுக்கு அந்தக் குரல் வராது. முன்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும். ஜன்னல் திறந்திருக்கிறதா என்று நிமிர்ந்தாள். கண்ணாடியில் மாலை வெயில் பட்டு எதுவும் தெரியவில்லை. பயம் அந்தப் பக்கம் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. டமாரத்தின் முதுகைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

நிக்கிற காலுக்கு நாக்கிருந்தா...

குரல் கணீரென்று எழுந்தது. ஒரு கீறல் இல்லை. வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. டமாரத்தின் கை ஒரு அடியைத் தவறவிட்டது. அவள் மட்டும் திரும்பவில்லை. அடுத்த அடி சரியாக விழுந்தது. பிறகு எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். டீக்கடை பெஞ்சு அமைதியானது. மாடியில் ஜன்னல் திறந்த சத்தம் கேட்டது. பெட்டி நிறுத்தவில்லை, தணிக்கவும் இல்லை. பாட்டு முடியும்வரை அவள் முகம் எரிந்துகொண்டே இருந்தது.

முடிந்ததும் டமாரம் வந்தாள்.

"உப்புத்தண்ணி நல்லா வேலை செஞ்சிருக்கே."

"டமாரம், நான் அன்னைக்கு..."

"என் ஃபிளாஸ்க் எங்கே?"

பெட்டி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வாங்கிய கை அதன் கனத்தில் சற்றுத் தாழ்ந்தது. டமாரம் மூடியைத் திருகிப் பார்த்தாள். உப்புத்தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தது. ஓரமாகப் போய்த் தண்ணீரைத் தெருவில் ஊற்றினாள். கடைசிச் சொட்டு விழும்வரை கவிழ்த்துப் பிடித்திருந்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை.

பிறகு ஃபிளாஸ்க்கை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த தடவை சீக்கிரம் வா. நான் சுருதி எடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.