கைந்நிழலில் கண்ட நிறம்

மழை விட்டு நெடுநேரமாகியும் மாடித் தொட்டிகளின் விளிம்பிலிருந்து நீர் சொட்டுதல் ஓயாத குளிர்காலப் பிற்பகல் அது. மலைச்சரிவில் ஒன்றன் தோளில் மற்றொன்று சாய்ந்து நிற்பனபோல் அடுக்குண்ட எருசலேம் நகரத்துக் கல்வீடுகள், காலையில் வெண்மையும் நண்பகலில் பொன்மையும் காட்டிவிட்டு, இப்போது ஈரம் குடித்து, வேகவைத்த பருப்பின் நிறம் எய்தியிருந்தன. எதிரெதிர் மாடங்களை இணைத்துக் கட்டிய கொடிகளில் துணிகள் உலராமல் கனத்துத் தொங்க, கருந்தொப்பியின்மேல் மழைக்கென மாட்டிய நெகிழியுறையைக் கழற்ற மறந்த ஆடவர் பிற்பகல் வழிபாட்டுக்கு விரைய, பெண்டிர் இருவர் இருவராய்ப் பிடித்துக் குழந்தைவண்டிகளைப் படிக்கட்டுகளில் இறக்க, முகிலின் கிழிசல் வழியே வெளிப்பட்ட கதிரவன், மறைவதற்குமுன் முடிக்கவேண்டிய ஒரு வேலை மிச்சமிருப்பவன்போல் மேற்குச் சுவர்களைத் தடவிக்கொண்டிருந்தான்.

அத்தெருவின் மூன்றாம் மாடியில் ஒரு கதவு நான்கு நாளாகச் சாத்தப்படாமல் கிடந்தது. யூத மறையாசான் ரபி எலியாக்கீம் மறைந்த வீடு அது. நிலைக்கண்ணாடி வெண்துணியால் மூடுண்டிருக்க, ஏழு நாள் துக்க விளக்கு ஓரத்தில் நின்றெரிய, கழுத்தருகே கிழித்த மேலாடையோடும் தோற்செருப்பு துறந்த கால்களோடும் தாழ்ந்த முக்காலி ஒன்றில் அமர்ந்திருந்தாள் அவர் மனைவி பிரைந்தல், ஐம்பத்தெட்டு வயதினள். துயருற்றவர் வாய்திறக்கும்வரை தேற்ற வந்தோர் பேசலாகாது என்பது அவ்வூர் வழக்கு. அவளோ, அடக்கம் முடித்து வந்ததுமுதல் ஒரு சொல்லும் சொல்லவில்லை; அழவும் இல்லை. பனியில் விறைத்த விரல் தன்மேல் பட்ட ஊசியை நெடுநேரம் கழித்தே அறிவதுபோல், நிகழ்ந்தது இன்னும் அவளிடம் வந்து சேர்ந்தபாடில்லை. கொடுத்த முட்டையை உண்டாள். கொடுத்த நீரைப் பருகினாள். எதிரே வந்து அமர்ந்து எழுந்து போகும் முகங்களை, ஓடும் ஊர்தியின் சாளரத்தில் தோன்றி மறையும் மரங்களைப்போல் பார்த்திருந்தாள்.

"நாலு நாளா இப்படியேதான்," என்று பக்கத்து நாற்காலியில் இருந்தவளின் காதில் முணுமுணுத்தாள் எதிர்வீட்டுக் கித்தல். "இருபத்தாறு வருஷமா எதிரெதிர்ல துணி காயப்போடுறோம். அவ பேசட்டும்னு நான் ஒருநாளும் காத்திருந்ததில்ல. வாயைக் கட்டிப்போட்டா எனக்கு வயிறு உப்பிடும்டி, தெமீமா."

"சும்மா இருங்கக்கா."

"நீ மட்டும் என்னவாம்? காலையிலேர்ந்து மூணாவது தடவை வர்றே. ஒரு தடவை வந்தா ஆறுதல். மூணு தடவை வந்தா வீடு பாக்க வந்தவன்னு நெனைப்பாங்க."

தெமீமா சிரிக்கவில்லை. நாற்பத்தொரு வயதினளாகிய அவள் கைபேசியை இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அழுத்தியபடி, உள்ளறைக் கதவையே நோக்கியிருந்தாள்.

அவள் நோக்கின் பொருள் இது. மாதவிலக்கு நின்றபின் ஏழு தூய நாள்களை எண்ணி, ஏழாம் நாள் பொழுது சாய்ந்ததும் நெறிப்படி அமைந்த குளத்தில் மூழ்கிய பின்னரே கணவனைச் சேர்தல் அம்மக்களின் ஒழுக்கம். எண்ணும் நாளில் ஆய்ந்த துணியில் ஐயத்துக்குரிய கறை தோன்றினால், நிறமறிந்த சான்றோர் பார்த்துத் தீட்டோ தூய்மையோ என்று சொல்லவேண்டும். தீட்டெனின் எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஒருவரிடம் கேட்டு அவர் தீட்டென்று விலக்கியதை வேறொருவரிடம் கொண்டுசென்று தூய்மையாக்கிக்கொள்ளவும் இயலாது. தெமீமா மணந்து ஒன்பது ஆண்டுகள், மகப்பேறு இல்லை. இனி மூன்று திங்களே முயலலாம் என்று கூறிவிட்ட மருத்துவர், இத்திங்கள் கருமுட்டை நாளை முதிரும் என்றும் கணித்திருந்தார். இன்று ஏழாம் நாள். இன்று காலைத் துணியில் ஒரு கறை. விடியல் வழிபாட்டுக்குச் சென்ற அவள் கணவன், பெயரில்லாமல் தொலைபேசி எண் மட்டும் எழுதிய உறையை, ஒன்பது ஆண்டுகள் இட்ட அதே பெட்டியில், ரபியின் வாயிற் பெட்டியில், இட்டுப் போயிருந்தான். 'அப்பாவின் பணி நிற்காது' என்று அவர் மகன் நப்தாலி ஊர் வழிபாட்டு மன்றத்துக்கு அறிவித்திருந்தான். துயரில் அமர்ந்தோர் மறைநூல் திறத்தல் ஆகாதெனினும், ஊருக்கு வேறு ஆளில்லையேல் தீர்ப்புரைக்கலாம் என்ற விதிவிலக்கை அவன் நம்பினான்.

ஆனால் அப்பெட்டியைப் பற்றி ஊர் அறியாதது ஒன்றிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் ஒரு காலை, துணியைச் சாளரத்தருகே பிடித்து நின்ற எலியாக்கீம், "பிரைந்தல், இங்க வா. இது எதைப் போல இருக்கு?" என்று கேட்டார். "பேரீச்சந் தோலைப் போல," என்றாள். அவர் துணியை மீண்டும் ஒளியில் திருப்பிப் பார்த்து, "எனக்குச் சாம்பலாத் தெரியுது," என்றார். அன்றுமுதல் அவள் கண்டு உவமை சொல்ல, அவர் நூல் கண்டு தீர்ப்புச் சொன்னார். சில ஆண்டுகளில் உவமை கேட்பது நின்றது, "சுத்தமா?" என்று மட்டும் கேட்டார். இறுதி ஆண்டுகளில் அதுவும் கேட்கவில்லை. அவள் பார்த்தாள்; அவளே எண்ணை அழைத்தாள்; "ரபி சொல்றார்," என்று தொடங்கி விடை சொன்னாள். பிறர் சொன்னதைச் சொல்லும்போது சொன்னவர் பெயரையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பதில் அணுவளவும் வழுவாத அம்மக்களிடையே, தான் சொன்னதற்குப் பிறர் பெயரிட்டு ஒருத்தி பன்னிரண்டு ஆண்டு பேசினாள் என்பதை எவரும் ஐயுற்றதில்லை.

உள்ளறையில் நப்தாலி தந்தையின் மேசைமுன் அமர்ந்து உறையைப் பிரித்தான். நூல்களில் அவன் தேர்ந்தவன். நிறநூல்களின் ஒவ்வொரு வரியும் அவனுக்கு நெட்டுரு. எனினும் கற்றோர் அருகில் நின்று கண்ணைப் பழக்கியவன் அல்லன். மழைக்கென இறக்கிய சாளரத் தட்டி இறங்கியே இருக்க, அறை மங்கலாயிருந்ததால் மேசைவிளக்கை ஏற்றித் துணியை அதன்கீழ் நீட்டினான். அவன் நெற்றி சுருங்கியது. ஐயமெனின் விலக்கிவிடுதல் எவர்க்கும் எளிது; அறியாதவர்க்கு மிகவும் எளிது.

சற்றே திறந்திருந்த உள்ளறைக் கதவின் வழியே, முக்காலியில் இருந்தவாறே பிரைந்தல் கண்டாள். முதலில் உறையின்மேல் இருந்த எண்ணைக் கண்டாள். ஏழு என்னும் இலக்கத்தின் நடுவே குறுக்குக் கோடிடும் அந்தக் கையெழுத்து எவருடையது என்பதை ஒன்பது ஆண்டுகளாக அறிவாள். பின்னர் விளக்கைக் கண்டாள். அதன் மஞ்சளொளி பழுப்பையெல்லாம் சிவப்பாக்கும். மகன் உதடு பிரிவதையும் கண்டாள். அவன் ஒரு சொல் சொல்லிவிட்டால் பின் எவராலும் அதைத் திருப்ப இயலாது. அப்போதும் அவள் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. கால்களே எழுந்தன. அவள் தண்ணீருக்குப் போகிறாள் என்று பெண்கள் வழிவிட்டனர்.

உள்ளே சென்றவள் விளக்கை அணைத்தாள். வாரைப் பிடித்திழுத்துத் தட்டியை உயர்த்தினாள். மகன் விரலிலிருந்து துணியை வாங்கிச் சாளரத்தில் வெயில் விழுமாறு ஏந்தி, இடக்கையை அதன்மேல் குடையாய்க் கவித்து, வெயிலுக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட அவ்வெளிச்சத்தில் பார்த்தாள். பின்னர் நான்கு நாளில் முதற்சொல்லாக ஒரு சொல் சொன்னாள்.

"சுத்தம்."

"அம்மா, இது நீ பாக்கிற விஷயம் இல்ல. ஓரத்துல செவப்பு இருக்கு. நானே பாத்தேன்."

"அது விளக்கோட செவப்பு. துணியோடது இல்ல. இப்பப் பாரு."

அவன் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். "எனக்குத் தெரியல. தெரியலைன்னா தீட்டுன்னு சொல்றதுதான் பத்திரம்."

"யாருக்குப் பத்திரம்?"

"அப்பா இருந்திருந்தா…"

"அப்பாவுக்குச் செவப்பே தெரியாமப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு, நப்தாலி."

அவன் தந்தையின் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. "அப்ப இந்தத் தெருவுல… எல்லாருக்கும்… நீயா?"

"நான்தான்."

"வெளிய தெரிஞ்சா அப்பா பேரு என்னாகும்னு யோசிச்சியா?"

"அந்தப் பேரைச் சொல்லித்தான் இத்தனை நாள் பேசினேன். இனிமே சொல்ல முடியாதே."

நப்தாலி கோழையாயினும் பொய்யன் அல்லன். "நான் பாத்தேன்னு என்னால சொல்ல முடியாதும்மா. பாத்தும் எனக்குப் புரியல. தீட்டுன்னும் சொல்ல மாட்டேன், சுத்தம்னும் சொல்ல மாட்டேன். சொல்றதா இருந்தா உன் பேர்ல சொல்லு. அவங்க ஏத்துக்கிட்டா ஏத்துக்கட்டும்."

அவள் தொலைபேசியை எடுத்தாள். கூடத்தில் ஒரு கைபேசி அதிர்ந்தது.

"துக்க வீட்டுல கூடவா போனு?" என்ற கித்தலின் கடிதல் முதுகில் தைக்க, தெமீமா படிக்கட்டுக்கு ஓடினாள். திரையில் தெரிந்தது, அவள் அப்போதுதான் விட்டு வந்த அத்துக்க வீட்டின் எண்.

"துணியைப் பாத்தாச்சு. சுத்தம். இன்னிக்கே குளத்துக்குப் போகலாம்."

"ரபி நப்தாலி சொன்னாரா?"

"இல்ல. நான் பாத்தேன். பிரைந்தல்."

மாடித் தொட்டியிலிருந்து ஒரு துளி விழுந்தது, பின் ஒன்று. தெமீமா கைபேசியைக் காதோடு அழுத்தினாள். "ஆனா, ரபி இருந்தப்ப அவர்தானே…?"

"அவர் கண்ணு போறவரைக்கும் அவர் பாத்தார். அதுக்கப்புறம் நான். உன் துணி எல்லாமே நான் பாத்ததுதான்."

"எல்லாமேவா?" அவள் குரல் கூர்மை கொண்டது. "முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், நாலு மாசம் தொடர்ந்து தீட்டுன்னு வந்துச்சே. அதுவுமா?"

"அதுவும்."

"அன்னிக்கு ராத்திரியெல்லாம் அழுதேன். ரபியை வாய்க்கு வந்தபடி திட்டினேன்."

"தெரியும். கித்தல் வந்து சொன்னா."

"அது… செவப்பாத்தான் இருந்துச்சா?"

"செவப்பாத்தான் இருந்துச்சு. பழுப்பா இருக்கக்கூடாதான்னு நாலு தடவையும் வெளிச்சம் மாறுறவரைக்கும் நின்னு பாத்தேன். செவப்புதான்."

சந்தில் எவரோ வண்டியைப் படியில் இறக்கும் ஒலி, படிக்கொன்றாய்க் கேட்டது.

"சரி," என்றாள் தெமீமா.

அவள் உள்ளே வந்தபோது பிரைந்தல் மீண்டும் முக்காலியில் இருந்தாள். சீயோனையும் எருசலேமையும் எண்ணித் துயருறுவோரோடு உம்மையும் இறைவன் தேற்றுவானாக என்று எல்லாரும் சொல்லும் அச்சொற்றொடரை, எல்லாரையும்விடச் சற்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தெமீமா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கதிரவன் மறைய இன்னும் ஒரு மணிநேரம் இருந்தது. "இப்பத்தான் வந்தா, அதுக்குள்ள என்ன ஓட்டம்?" என்றாள் கித்தல். பிரைந்தல் மகிழவில்லை. கையில் கைந்நிழலின் குளிர்ச்சி மட்டும் சிறிதுநேரம் தங்கியிருந்தது.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வதே முறை. நப்தாலி மறைக்கத் தெரியாதவனாகையால் துக்கத்தின் ஏழாம் நாள் முடிவில் மன்றத்து மூத்தோரிடம் உண்மை உரைத்தான். அவர்கள் மூன்று மாலை கூடிப் பேசி, முன் தந்த விடைகளைக் கிளறுவதில்லை என்றும், இனி உறைகளை இரண்டு தெரு தள்ளியுள்ள வேறொருவரிடம் அனுப்புவதென்றும் முடிவு செய்தனர். "பாத்தவ அவ, பேரு வாங்கினது அவரு, எங்க வீட்டுலயும் அதே கதைதான்," என்று கித்தல் மாடத்தில் நின்று உரக்கச் சொன்னாள், எனினும் அவள் மருமகளின் உறையும் இரண்டு தெரு தள்ளியே போயிற்று. வாயிற் பெட்டி வெறுமையாயிற்று. பிரைந்தல் ஒவ்வொரு காலையும் அதைத் திறந்து பார்த்து மூடினாள். வெறுமை அவளை வருத்தவில்லை; அவள் உள்ளும் அப்பெட்டியைப் போலவே இருந்தது.

தெமீமாவுக்கு அத்திங்கள் கரு தங்கவில்லை. அறம் உரியவர்க்கு உரிய பயனை உரிய நாளில் தரும் என்று எழுதிவிடல் எளிது, நடந்தது அதுவன்று.

கணவர் மறைந்த முப்பது நாள் கழிந்து, மேலும் சில நாள் சென்ற ஒரு காலை, பெட்டியில் ஓர் உறை கிடந்தது. நடுவே கோடிட்ட ஏழு இருந்தது. எண்ணுக்குமேல், பன்னிரண்டு ஆண்டில் எந்த உறையிலும் எவரும் எழுதியிராத ஒன்றும் இருந்தது: பிரைந்தல் என்னும் பெயர்.

அவள் அதை மேசையில் வைத்து, நல்ல ஒளி வரும்வரை காத்திருந்தாள். தட்டியை உயர்த்தினாள். உறையைப் பிரித்தாள். சாளரத்தில் ஏந்தி, இடக்கையைக் குடையாய்க் கவித்தாள். நிறம் தெரியவில்லை. கலங்கிய கண்ணுக்கு எல்லாம் ஒரே நிறமாய் இருந்தது. துளி பட்டால் கறையின் நிறம் திரியும் என்று அறிந்தவளாகையால், துணியைத் தள்ளி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, இத்தனை நாளும் வந்து சேராதிருந்ததையெல்லாம் அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, கண் தெளிந்ததும் மீண்டும் சாளரத்துக்கு வந்தாள்.

வெயில் அதுவரை அங்கேயே இருந்தது.