காலனி ஊசி

"பாத்துக்கினே இருங்க! உங்க பெரியப்பாவே ஆட்டுக் காதப் புடிச்சி இழுத்துக்கினு வந்து, காலனி ஊசிதான் வேணும்னு கெஞ்சுவாரு!"

ஜெயம்மாள் இப்படிச் சொன்னபோது, பட்டிக் கதவுக்குக் குறுக்கே தடியோடு நின்ற அவள் கணவன் ராமசாமிக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. கல்வராயன் மலை எழுந்து வந்து கள்ளக்குறிச்சிச் சந்தையில் மிளகாய் வாங்கும் என்றால்கூட நம்பியிருப்பான். பெரியப்பா பிச்சைமுத்து ஊர்ப் பெரியதனக்காரர். காலனிப் பக்கமிருந்து காற்றடித்தாலே மூக்கைத் துண்டால் மூடுகிறவர்.

கால்நடை ஆஸ்பத்திரி சவரியப்பனிடம் இரண்டு ஊசிகள் இருந்தன. ஒன்று ஊர்த்தெரு ஆடுகளுக்கு, மற்றது காலனி ஆடுகளுக்கு. டீக்கடையில் இரட்டை கிளாஸ் வைத்த ஊர், ஆட்டை மட்டும் விட்டுவைக்குமா? காலனி ஆட்டைக் குத்திய ஊசி தங்கள் ஆட்டில் ஏறினால் பாலும் தீட்டு, கறியும் தீட்டு. இரண்டு தெரு ஆடுகளும் ஒரே ஏரிக்கரையில் மேய்ந்து, சேர்ந்து, குட்டியும் போட்டுக்கொண்டிருந்தன. அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அன்று காலை முதல் ஊசி பெரியப்பாவின் கிடாவுக்கு. அதன் தோல் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையின் பாய்லர் தகடு! ஒரே துள்ளு, ஊர்த்தெரு ஊசி இரண்டாக முறிந்தது. வேறு ஊசி கள்ளக்குறிச்சியிலிருந்துதான் வரவேண்டும். எப்படி வரும்? இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில், அரை ஜில்லாவுக்கு நிழல் தந்த புளியமரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். முதல் வெட்டு ராமசாமியுடையது. எல்லாருக்கும் சரிசமமாகப் பங்கு வேண்டும் என்று கத்திக் கத்தி அவன் தொண்டை இன்னும் கட்டியிருந்தது.

சவரியப்பனின் பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. உச்சிப்பொழுதுக்குள் போடாவிட்டால் மருந்து வீண். பக்கத்து ஊர்வரை துள்ளுமாரி வந்துவிட்டது. கொழுத்த குட்டி திடீரென்று துள்ளும், விழும், அவ்வளவுதான். ஜெயம்மாளுக்கு நிலமில்லை, நகையில்லை. தாய்வீட்டிலிருந்து ஓட்டிவந்த ஒற்றைப் பெட்டையைப் பெருக்கிய மந்தைதான் அவள் சொத்து.

"ஒதுங்குங்க."

"காலனி ஊசி ஏறிச்சின்னா தெருவுல நம்மள ஒதுக்கி வெச்சிடுவாங்கடி."

"வெக்கட்டும். ஆடு செத்தா உங்க பெரியப்பா கழனிய எழுதித் தரப்போறாரா? ரோட்டுல சரிசமம், சரிசமம்னு கத்தினீங்களே, இன்னா சரிசமம் அது? உங்க வூட்டு வாசலோட நின்னுடுமா?"

ஓங்கிய தடி இறங்கவில்லை. மந்தை அவன் காலிடுக்கில் புகுந்து ஓடியதில் அவன்தான் சாணியில் உட்கார்ந்தான்.

காலனியில் சவரியப்பன் ஊசியை எடுத்ததும், அங்கே ஆடு வளர்க்கும் பாக்கியம் ஓடிவந்து ஜெயம்மாளின் கிடாவைப் பிடித்துக்கொண்டாள். "ஊசி குத்தறப்ப எங்க ஆடும் உங்க ஆடும் ஒரே மாதிரிதாம்மா கத்துது!"

இருவரும் சிரித்த சிரிப்பு ஊர்த்தெருவரை கேட்டது. சாயங்காலமே பிச்சைமுத்து தீர்ப்பு சொன்னார்: "அவ இனிமே தண்ணியும் காலனிக் கெணத்துலயே மொண்டுக்கட்டும்." ஜெயம்மாள் மொண்டுகொண்டாள்.

மழை பெய்தது, புல் தளிர்த்தது. ஊர்த்தெருக் குட்டிகள் வெள்ளிமலை உயரத்துக்குத் துள்ளின, விழுந்தவை எழவில்லை. ஜெயம்மாளின் மந்தையும் பாக்கியத்தின் மந்தையும் படுத்து அசைபோட்டன.

ரோடு திறந்ததும் சவரியப்பன் வந்தார். பிச்சைமுத்து மிஞ்சிய கிடாவின் காதைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நின்றார்.

"ஊர்த்தெருவுக்குப் புது ஊசி வந்துட்சிங்க, பெரியவரே."

"அது இன்னாத்துக்கு? ஜெயம்மா ஆட்டுக்குப் போட்டியே, அதப் போடு. அதுலதான்யா சத்து ஜாஸ்தி. ஒன்னக் கையெடுத்துக் கும்புடறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இனிமே அது எங்க தெருவுக்கே இருக்கட்டும். புதுச வேணா காலனிக்குக் குத்திக்க."

சவரியப்பன் ஒரே அச்சில் செய்த அந்த இரண்டு ஊசிகளையும் ஒரே கொதிசட்டியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எது எதுன்னு இனிமே எனக்கே தெரியாதுங்க. பாக்கியம், நீயும் ஆட்ட ஓட்டிக்கினு வா."

பிச்சைமுத்துவின் முகம் கறுத்தது. ஆனால் கிடாவின் காதை விடவில்லை.

ராமசாமி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தான். ஜெயம்மாள் வெறுங்குடத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னா, ஊர்க் கெணத்துல நாம மொண்டுக்கலாமாமா?"

"அதுக்கு இன்னும் வுடலடி." குடத்தை அவள் இடுப்பிலிருந்து வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, தெருவே பார்க்கக் காலனிக் கிணற்றுப் பக்கம் நடந்தான். பத்தடி போய்த் திரும்பினான்.

"ஆனா கெஞ்சினாருடி. எங்கண்ணால பாத்தேன்."