அர்ஹமை ஏன் எடுக்கவில்லை

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பலஸ்தீனத்துக்காக அக்கரைப்பற்றில் ஊர்வலம் போனது. என் கணவர் காலிதீன் முன்வரிசையில் பதாகை பிடித்துப் போய், தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தார். காஸாவில் போர் தொடங்கியதிலிருந்து அவர் அப்படித்தான். இஸ்ரேல் சாமான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நான் வருடக்கணக்காகப் போட்டுக் குளித்த சவர்க்காரத்தைக்கூட வீட்டுக்குள் விடவில்லை. சோடாவை நிறுத்தினார், சரி. சவர்க்காரம் என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். முறைத்தார்.

அவருக்குத் தேசிக்காய் பிழிந்து சீனி போட்டுக் கரைத்துக் கொடுக்கும்போது செல்லத்தங்கம் வந்தாள். வினாயகபுரத்துக்காரி. அவள் மகன் கிசோக்கும் எங்கள் மகன் அர்ஹமும் ஒன்றாகப் படித்தவர்கள். கிசோக் எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்த பிள்ளை. அவனுக்கு இஸ்ரேலில் தோட்ட வேலை சரிவந்துவிட்டது என்று சொல்லி லட்டுப் பெட்டியை நீட்டினாள்.

செய்தியில் கேட்ட விஷயம்தான். ஹமாஸ் போய் அடித்த பிறகு அந்த நாடு பலஸ்தீனத் தொழிலாளிகளை உள்ளே விடுவதை நிறுத்தியது. அங்கத்தைய தோட்டங்களுக்கு எங்கள் இலங்கை அரசாங்கம் ஆள் அனுப்பச் சம்மதித்தது. அடித்தவன் ஒருவன், வேலை போனது இன்னொருவனுக்கு, அந்தப் பாவப்பட்டவனின் சோற்றில் நாம் கைவைப்பதா என்று இவர் அன்று சாப்பாட்டை விட்டு எழுந்தவர்.

என்றாலும் கிசோக் எங்கள் பிள்ளை மாதிரி. சந்தோஷம் என்று சொல்லி லட்டை வாங்கினேன். அப்போதுதான் அவள் சொன்னாள்:

"உங்கட அர்ஹமும் எடுபட்டிருந்தா ரெண்டு பேரும் ஒண்டாப் போயிருப்பாங்க றபீக்கா. அதுதான் எனக்குக் கவலை."

இவரைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. அர்ஹம் அந்த வேலைக்குப் போய்க் கேட்டது எங்களுக்குத் தெரியாது என்பது விளங்கியதும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செல்லத்தங்கம் எழுந்து போய்விட்டாள்.

உள்ளேயிருந்த அர்ஹம் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். வந்து சுவரோடு நின்றான். இவர் கை ஓங்கிவிடுவார் என்று நான் நடுவில் போய் நின்றேன். இறக்காமத்தில் எங்கள் நெல் வயலை யானை தின்று முடித்த பிறகு, வேலை கேட்டு அவன் ஏறாத படி இல்லை. அது எனக்குத் தெரியும். அங்கேயும் ஏறியிருப்பான் என்று கனவிலும் நினைக்கவில்லை.

இவர் கை ஓங்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று மட்டும் கேட்டார்.

"மத்தவங்கட கைய விரிச்சுப் பாத்தாங்க வாப்பா, காய்ப்பு இருக்கா எண்டு. என்ட கையப் பாக்கல்ல. பேர வாசிச்சாங்க, போகச் சொல்லிட்டாங்க."

தேவாலயங்களில் வெடித்த ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு, எங்கள் முஸ்லிம் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்களைக் கண்டு பழகிவிட்டோம். ஆனால் இவர் அப்படிக் கொதித்ததை அன்றுதான் கண்டேன். கிசோக் கடலுக்குப் போகிறவனின் மகன், அவனுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா என்றார். சின்ன வயதிலேயே வரம்பு கட்டிய என் பிள்ளைக்கு என்ன குறை, பெயரைப் பார்த்துத் தள்ள அவர்கள் யார் என்று கட்டின தொண்டையோடு கத்தினார். பிறகு பிள்ளையின் கிட்டப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"நீ திருப்பி ஒருக்காக் கேட்டுப் பாக்கல்லியா மகன்?"

அர்ஹம் வாப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். அதே கேள்வியைக் கேட்கத்தான் நானும் வாயைத் திறந்திருந்தேன்.