கீதாஞ்சலிக்கு மட்டும் கேட்டது

வயலில் கம்மல் விழுந்தாலும் வாய்க்கால் கரையில் கொலுசு கழன்றாலும் ஏம்பலம் பக்கத்துப் பெண்கள் விஜயராணிக்குத்தான் போன் போடுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன் நடவு நடும்போது அவளுடைய கம்மலே ஒன்று சேற்றில் விழுந்தது. கடலூரிலிருந்து மெட்டல் டிடெக்டரோடு வந்த ஒருவர் அரை மணி நேரத்தில் அதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். கூட நின்று பார்த்த கீதாஞ்சலி, நாமளே ஒரு மெஷின் வாங்கினால் என்ன என்று கேட்டாள். நூறு நாள் வேலையில் பழகி, அக்கா தங்கை மாதிரி ஆகிவிட்டவர்கள். சேர்ந்தே வாங்கினார்கள். புதையல் எடுத்துத் தரச் சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, தொலைந்த நகையை மட்டும் தேடப் போனார்கள்.

கீதாஞ்சலி மெஷினைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அடியில் உள்ள வட்டத் தட்டு மண்ணை ஒட்டி இடமும் வலமும் போய் வரும். சத்தம் வந்த இடத்தில் விஜயராணி உட்கார்ந்து தோண்டுவாள். நகையைத் துடைத்து உரியவள் கையில் வைப்பதும் அவள்தான். யாரோ எடுத்துப் போட்ட வீடியோவில் பேசியதும் அவள்தான். அதைப் பார்த்துவிட்டு பாகூர், வில்லியனூரிலிருந்தெல்லாம் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கரும்புத் தோட்டத்தில்தான் சிக்கல் வந்தது. காலடியில் காய்ந்த கரும்பு இலைச் சோகை நொறுங்குகிற சத்தத்தில் மெஷினின் சின்ன ஸ்பீக்கர் காதில் விழவே இல்லை. பக்கத்தில் மோட்டார் ஓடினால் அதுவும் போச்சு. அதோடு கீதாஞ்சலிக்குச் சின்ன வயதில் சீழ் வடிந்ததில் இடது காது மந்தம். ஒரு மோதிரத்தைக் கோட்டைவிட்ட அன்று அவள் வழியெல்லாம் தன் காதையே நொந்துகொண்டு வந்தாள். விஜயராணிக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே மெஷினோடு மாட்டுகிற ஹெட்போன் வாங்கத் தவளக்குப்பத்துக்கு பஸ் ஏறினாள்.

அங்கே மெயின் ரோட்டில் செல்போன் சாமான் கடை வைத்திருக்கிறவன் அத்னான். முதலில் ஒரு புளூடூத் கொடுத்தான். வயர் இல்லை, வசதிதான். ஆனால் தட்டு தாண்டிப் போன பிறகுதான் காதில் சத்தம் வந்தது. சாண் தள்ளியே தோண்டினார்கள். திருப்பிக் கொண்டுபோனதும், புளூடூத் என்றால் அந்தத் தாமதம் இருக்கத்தான் செய்யும், பாட்டுக்குப் பரவாயில்லை, உங்கள் வேலைக்கு ஆகாது என்றான். அடுத்து காதுக்குள் செருகுகிற வகை. வேர்வையில் வழுக்கி விழுந்தது, வயர் கரும்பு இலையில் மாட்டி இழுத்தது. மூன்றாம் முறை அவனே தேடி வரவழைத்து வைத்திருந்தான். காதை முழுசாக மூடுகிற கிண்ணம், சுருள் வயர், ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. கீதாஞ்சலியின் இடது காதுக்கென்றே செய்தது போல இருந்தது.

அத்னான் அதைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தான். விஜயராணி பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள். ஒன்றும் கேட்கவில்லை.

"வெளிய ஒரு பொட்டு சத்தம் வராதுக்கா," என்றான். ரெண்டு பேரும் சேர்ந்து கேட்கிற மாதிரி வயரைப் பிரிக்கிற பின் ஒன்று இருக்கிறது, அதையும் தரட்டுமா என்று கேட்டான். ஒருத்தி கேட்டால் போதும் என்று சிரித்தாள் விஜயராணி.

அதற்கு அடுத்த வாரம் ரோஸ்லின் கூப்பிட்டாள். வில்லியனூரில் டீச்சர் வேலை பார்க்கிறவள். லீவு நாளில் மாமனாரின் கரும்புத் தோட்டத்தில் சோகை உரிக்கப் போனபோது தாலிச் செயின் அறுந்து விழுந்துவிட்டது. அழுதுகொண்டேதான் பேசினாள்.

இரண்டு நாள் மத்தியானம் தேடினார்கள். கீதாஞ்சலி ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடக்க, விஜயராணி களைக்கொத்தோடு பின்னால் போனாள். முன்பெல்லாம் மெஷின் சத்தம் இருவர் காதிலும் விழும். இப்போது அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் நாள், தண்ணீர்க் குழாய் திரும்புகிற மூலையில் கீதாஞ்சலி நின்றாள். தட்டை ஒரே இடத்தில் குறுக்காகவும் நெடுக்காகவும் மூன்று தடவை ஓட்டினாள்.

"இன்னாடி?"

"இரும்புக்கா. பழைய ஆணியா இருக்கும்."

விஜயராணி கொத்தை எடுக்கவில்லை. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சாயங்காலம் ரோஸ்லினிடம் கைவிரித்தபோது தன் நகையே போன மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் காலை ரோஸ்லினே போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். கீதாஞ்சலி அக்கா மனசு கேட்காமல் விடிந்ததும் தனியாக வந்தார்களாம், குழாய் திரும்புகிற மூலையில் அரையடி ஆழத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்களாம். நீங்களும் வெயிலில் கஷ்டப்பட்டீர்கள், ஏதோ கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள், அதனால் என்ன அக்கா என்று அவளே ஆறுதலும் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு விஜயராணி அடுப்பை அணைத்தாள். குறுக்காகவும் நெடுக்காகவும் போன அந்தத் தட்டுதான் கண்ணுக்குள் ஓடியது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த கீதாஞ்சலி வீட்டுக்குப் போனாள்.

கீதாஞ்சலி வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"ரோஸ்லின் போன் பண்ணா," என்றாள் விஜயராணி.

"பண்ணுவான்னு தெரியும்."

"இரும்புன்னு சொன்னியே."

கீதாஞ்சலி கையைக் கழுவி புடவையில் துடைத்துக்கொண்டாள். "அப்பவே நல்லா கேட்டுச்சுக்கா. சொல்லியிருந்தா நீ தோண்டி எடுத்திருப்ப. அவ உன் கையப் புடிச்சிகினு அழுதிருப்பா. மூணு வருஷமா அதான நடக்குது. கேக்கறது நானு, பேரு உனுக்கு."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீயே குடுன்னு சொல்லியிருப்பன்டி."

"அதக் கேட்டு வாங்கணுமாக்கா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது, அதனால்தான் விஜயராணிக்கு வலி கூடியது. அப்போதுதான் திறந்திருந்த கதவு வழியே உள்ளே பார்த்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நீளமான ஒரு அட்டைப்பெட்டி. மெஷின் படம் போட்டது. உள்ளே போய் அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். ஆர்டர் போட்ட தேதி இருந்தது. அவள் ஹெட்போனுக்காகத் தவளக்குப்பத்துக்கும் ஏம்பலத்துக்குமாக பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்த அதே வாரம்.

செயினை ஒளித்ததைக்கூட ஒரு நிமிஷத்து ஆசை என்று மன்னித்திருப்பாள். இது முன்கூட்டியே திட்டம் போட்டுச் செய்தது.

பழைய மெஷினை நீயே வைத்துக்கொள் என்றாள் கீதாஞ்சலி. பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஹெட்போன மட்டும் நான் வச்சிக்கறன்க்கா. இந்தக் காதுக்கு அதான் பழகிடுச்சு."

"வச்சிக்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம் என்று தெருமுனை திரும்பும்போதுதான் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லின் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் புதுக் கொக்கி போட்ட செயின் மின்னியது. விஜயராணி நடந்ததை அப்படியே சொன்னாள். ரோஸ்லின் தலை குனிந்து கேட்டுவிட்டு, செயினை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"உங்க ரெண்டு பேருக்குள்ள இன்னா இருந்தாலும் எனக்கு இது கெடைச்சுதேக்கா," என்றாள் மெதுவாக.

அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இதை வேறு யாரிடமும் சொல்வதில் பிரயோசனமில்லை என்று விஜயராணிக்கு அன்று விளங்கியது. திருட்டு இல்லை, பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏமாந்தது அவள் ஒருத்தி மட்டும்தான். அதன் பிறகு கீதாஞ்சலியின் வீடியோ ஒன்று செல்போன் செல்போனாகச் சுற்றியது. பாகூர் பக்கத்து அழைப்பெல்லாம் அங்கே போனது.

இரண்டு மாதம் கழித்து செல்லிப்பட்டிலிருந்து செங்கமலம் என்ற பெண் கூப்பிட்டாள். சங்கராபரணி ஆற்றில் துணி அலசும்போது மகளின் கொலுசு மணலில் போய்விட்டதாம். விஜயராணி தனியாகப் போனாள். கூட நடந்து வந்த செங்கமலம், மெஷினைக் கொஞ்ச நேரம் தான் பிடிக்கட்டுமா என்று ஆசையாகக் கேட்டாள். கொடுக்க முடியாது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள் விஜயராணி. சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது. முன்பெல்லாம் கேட்காமலேயே கையில் கொடுத்து வேடிக்கை காட்டுகிறவள் அவள்.

தானே ஓட்டி, தானே உட்கார்ந்து தோண்டினாள். மூன்றாவது குழியில் கொலுசு வந்தது. மணலை உதறித் தூக்கிப் பிடித்தபோது "கீதா, பாருடி" என்று வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, கொலுசைச் செங்கமலத்தின் கையில் வைத்தாள். செங்கமலம் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னாள். விஜயராணி தலையை ஆட்டினாள். குழியை மூடி, மணலைக் காலால் சமன் செய்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள்.