எண்பது மாடியை நிறுத்தியவள்

செய்தி வாசித்தவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் மாமியார் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுத்து மருமகளின் காலைப் பார்த்தார்.

நகரத்திலேயே உயரமாக எழும்புவதாக இருந்த எண்பது மாடிக் கட்டடம் கைவிடப்பட்டுவிட்டது. பணம் போட்டவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டதில் பன்னிரண்டாம் மாடியோடு வேலை நின்றுபோனது. அந்தக் கட்டடத்தில்தான் அவர் மகன் பொறியாளர்.

"நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு," என்றார் மாமியார். "நாலு மாசத்துக்கு முன்னால வரைக்கும்."

நாலு மாதத்துக்கு முன்புதான் கல்யாணம் நடந்தது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரான மாமனார் தன் மனைவியின் பார்வை போன திசையில் தானும் பார்த்தார். மகனும் பார்த்தான். வீட்டில் எல்லாரும் ஒன்றைப் பார்க்கும்போது தான் மட்டும் பார்க்காமல் இருப்பது மரியாதையல்ல என்று மருமகளும் குனிந்து பார்த்தாள். சாதாரணக் கால்தான். கட்டைவிரலில் நகச்சாயம் பாதி உரிந்திருந்தது.

செயற்கைப் பல் செய்யும் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. மறுநாள் பக்கத்து மேசைத் தோழியிடம் சொன்னாள்: "கடப்பாரை இல்ல, ஆள் துணை இல்ல. ஒத்தை ஆளா எண்பது மாடிய நிறுத்திட்டேன்டி. இங்க ஒரு கடைவாய்ப் பல்ல ஒழுங்கா உக்கார வைக்க நாய் படாத பாடு படறேன்."

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். இவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு கையிலிருந்த பல்லைக் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்துவிட்டாள்.

மாமனார் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டதில் அவள் கணவனுக்கு 'எண்பது மாடி' என்றே பெயர் விழுந்திருந்தது. இப்போது முடிதிருத்தும் கடைக்காரர், "வாங்க எண்பது!" என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவனோ, "பன்னெண்டுன்னே கூப்பிடுங்க. அதுவும் ஜன்னல் வைக்காத பன்னெண்டு," என்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். கடையே சிரித்தது. தன்னைத்தானே கேலி செய்துகொள்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தச் சங்கடம் வந்தாலும் ஒரு நகைச்சுவையைக் குறுக்கே போட்டுத் தப்பித்துவிடுவான். அதனால் எதற்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவனுக்கு வந்ததே இல்லை.

வேறு வேலை தேடத் தொடங்கினான். முதல் நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பும்போது மாமியார் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நான் ஒண்ணும் கொடுமைக்காரி இல்லம்மா. அவன் வாசல் தாண்டுற வரைக்கும் கண்ணுல படாம இரு. அவ்வளவுதான்."

சலவை இயந்திரம் இருந்த பின்னறையில் நின்றாள். கூடத்தில் அவன் காலணி மாட்டும் சத்தம் கேட்டது. "சரிம்மா, வர்றேன்," என்றான். அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்ததும் கிடைக்கவில்லை.

"நான் உள்ளதானே இருந்தேன்?" என்று அவனிடம் கேட்டாள். "ஒருவேளை பலமா மூச்சு விட்டுட்டேனோ?"

அவன் சிரித்தான். அவன் சிரிக்காமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது.

அதற்கடுத்த முறை மாமியார் முன்னெச்சரிக்கையாகப் பின்னறையின் வெளித் தாழ்ப்பாளைப் போட்டார். மகன் அதைப் பார்த்துக்கொண்டே காலணி மாட்டினான். மகனை வழியனுப்பிவிட்டு, திறக்க மறந்து கடைக்குப் போய்விட்டார். அவள் கதவைத் தட்டினாள். கூடத்தில் அலறிக்கொண்டிருந்த தொலைக்காட்சியில் மாமனாருக்கு எதுவும் கேட்கவில்லை. வேலைக்குத் தாமதமாகப் போய் நின்றவளிடம் மேற்பார்வையாளர் காரணம் கேட்டார். "கதவு மாட்டிக்கிச்சு சார்," என்றாள். தோழியிடம்கூட அதை வேடிக்கையாகச் சொல்ல வரவில்லை.

அந்த வாரம் வேலை போன பொறியாளர்கள் கட்டடத்தின் தகர வேலிக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் கூடினார்கள். திரும்பி வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளிடம் சொல்ல ஆரம்பித்தான்.

"கேளேன் கூத்த. கிரேன் பாத்துக்கிட்டவர் வீட்டுல, புதுசா பொறந்த பொண்ணு ராசியில்லையாம். கம்பி கட்டுற பிரிவுல ஒருத்தன் வீட்டுல, புருஷன் செத்து வீட்டோட வந்து இருக்கற அவன் அக்காவச் சொல்றாங்களாம். எங்க கூட ஒரு பொம்பள இன்ஜினியர் இருந்தாங்கல்ல? வேலை போனதே அவங்களுக்குத்தான். அவங்க வீட்டுலயும் அவங்களத்தான் சொல்றாங்களாம்! புருஷன் ராசிய யாரும் கேக்கவே இல்லையாம். கணக்குப் பாத்தா மாடிக்கு ஒரு பொம்பளன்னு வருது!"

அவன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானா?"

"உங்க முறை வந்திருக்குமே."

சிரிப்பு அடங்கியது. "எங்க வீட்டுல என் பொண்டாட்டின்னு சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"கதவப் பூட்டினதையும் சொன்னீங்களா?"

அவனுக்குக் குறுக்கே போட ஒரு நகைச்சுவையும் அகப்படவில்லை. அவள் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கடையில அத்தன பேர் முன்னால திறக்கிற வாய், கூடத்துல உங்கம்மா ஒருத்தர் முன்னால திறக்க மாட்டேங்குது. என்ன ராசியோ!"

அடுத்த நேர்முகத் தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில். அவன் கிளம்பும் நேரம் பார்த்து மாமியார், "உள்ள போம்மா," என்றார். அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனாள். படியில் இறங்கி, உள்ளே பார்த்தபடி நின்றாள்.

"நான் இங்கதான் நிக்கப் போறேன் அத்தை. வேலைக்குப் போற வழி இதுதான். அவரும் இதே வழியா வரட்டும்."

"டேய், கொஞ்சம் உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போடா," என்று மாமியார் பதறினார்.

அவன் உட்கார்ந்தான். தண்ணீரையும் குடித்தான். வீரம் என்று சொல்லும்படி அவனிடம் ஒன்றுமில்லை. தம்ளரைக் கீழே வைத்தான். பிறகு எழுந்து, "பூட்டினது தப்பும்மா," என்றான். "அப்பவே சொல்லியிருக்கணும்." சொல்லிவிட்டு அவளருகே போய் நின்றான். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

வேலை கிடைத்தது. இரண்டு மாடிப் பள்ளிக்கூடம்; மழைக்கு ஒழுகும் கூரையையும் அடைத்துக்கொள்ளும் கழிவறைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலையில் செய்தி கேட்டதும் மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குச் சொல்லக் கிளம்பினார். மாமியார் மகன் தோளைத் தடவினார்.

"எம்புள்ள திறமைக்கு எங்க போனாலும் கிடைக்கும். யார் எதுக்க வந்தாலும் அது நிக்காது."

"ஆமா அத்தை," என்றாள் மருமகள். "கிடைச்சது அவர் திறமை. எண்பது மாடி நின்னுச்சே, அத என் திறமையில எழுதிக்குங்க. அந்தளவு சக்தி இருக்கறவள உள்ள வெச்சுப் பூட்டறதுக்கு முன்னால இனிமே கொஞ்சம் யோசிக்கணும் பாருங்க."